எழுத்தெண்ணிப் படிக்காத கணினி

ஆழ்ந்து கற்றவரைத் தமிழில் 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று சொல்வதுண்டு. ஜொகூர் பாருவில் நான் படித்த தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு ஆசிரியை இதை அப்படியே செயலாக்கி வைத்திருந்தார். பலகையில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, 'எத்தனை எழுத்து?' என்று கேட்பார். 'அம்மா' என்றால் மூன்று. 'தமிழ்' என்றாலும் மூன்று. 'சிங்கப்பூர்' என்றால் ஆறு. கொம்பையும் காலையும் தனியாக எண்ணினால் தலையில் ஒரு குட்டு விழும். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டால் இரண்டு.

பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அங்கே தமிழ், பாட அட்டவணைக்கு வெளியே, மற்ற மாணவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் பாடமாக இருந்தது. எழுத்தெண்ணும் பழக்கம் மெல்ல விட்டுப்போயிற்று. அதை மீண்டும் நினைவூட்டியது, யாரும் எதிர்பாராத விதமாக, சிங்கப்பூரில் கணினி அறிவியல் படிக்க வந்த இடத்தில் நடந்த ஓர் ஆய்வுக்கூடப் பயிற்சிதான்.

கணினி படிக்காத நண்பர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். ஒரு நிரலிலிருந்து நாம் ஒரு கோப்பைத் திறந்ததும், கணினி அந்தக் கோப்புக்குள் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொள்கிறது. படிக்கப் படிக்க விரல் முன்னே நகரும். அந்த விரலைத் தூக்கி வேறோர் இடத்தில் வைக்க, சி மொழியில் 'எஃப்சீக்' என்ற கட்டளை இருக்கிறது. தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், இப்போது இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், முடிவிலிருந்து எவ்வளவு தூரம் என்று மூன்று விதமாக அதற்குச் சொல்லலாம். விரல் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது 'எஃப்டெல்'. தொடக்கத்துக்கே திரும்பச் சொல்வது 'ரீவைண்ட்'. (விரல் என்று நான் சொல்வதைப் பாடநூல்களில் 'சுட்டி' என்கிறார்கள். மேசைமீது கிடக்கும் எலியையும் நாம் 'சுட்டி' என்றுதான் அழைக்கிறோம். ஆகவே விரலே இருக்கட்டும்.)

'ரீவைண்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் ஒலிநாடாப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டில் சிங்கப்பூரின் ஒலி 96.8 நன்றாகவே எடுக்கும். அதில் வரும் பழைய பாடல்களை அப்பா ஒரு காலத்தில் நாடாவில் பதிந்து வைத்திருந்தார். அந்தப் பெட்டியில் மூன்று இலக்க எண்காட்டி ஒன்று இருக்கும். பாட்டுத் தொடங்கும்போது அதில் என்ன எண் என்று பார்த்து, நாடாவின் உறைத்தாளில் 037, 112, 190 என்று பென்சிலால் குறித்து வைப்பார். வேண்டும்போது சுற்றிக் கொண்டுபோய் அந்த எண்ணில் நிறுத்துவார். பாட்டு சரியாக முதல் அடியிலேயே தொடங்கும். குறித்து வைக்காத பாட்டைத் தேடினால் எப்போதும் ஏதாவது ஒரு சரணத்தின் நடுவில்தான் போய் விழும்.

ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு வருகிறேன். ஆங்கில அகரவரிசையின் 26 எழுத்துகளும் வரிசையாக உள்ள ஒரு கோப்பு. விரலைப் பத்தாம் இடத்தில் வைத்து ஓர் எழுத்தைப் படிக்க வேண்டும். எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால் 'கே' வரும். வந்தது. எல்லோருக்கும் முழு மதிப்பெண். ஓர் எழுத்து என்றால் ஒரு பைட்டு. எத்தனையாவது எழுத்து வேண்டுமோ அத்தனையாவது பைட்டுக்குப் போனால் போதும். எங்கள் பயிற்சித்தாளில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்கு அது இயல்பாக இருந்தது. நானும் அதை இயல்பாகவே ஏற்றுக்கொண்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் எழுத்தெண்ணிய எனக்குமே அந்த நேரத்தில் ஒரு கேள்வியும் எழவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதன் விலையைக் கொடுத்தது நான் அல்ல, வேறொருவர்.

சென்ற ஆண்டு, நம் பேரவையின் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தமிழ் நூல்களைப் பேரவைக்கு அன்பளிப்பாகத் தந்தார். எழுபதைத் தாண்டியவர், நாங்கள் அவரை ஐயா என்றே அழைப்போம். நூல்களோடு ஒரு விரலியையும் கொடுத்தார். அதில் அவர் 2000களின் தொடக்கத்தில் தாமே தட்டச்சு செய்த நூற்பட்டியல் இருந்தது. நானூற்றுச் சொச்சம் பதிவுகள். ஒவ்வொன்றிலும் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, கடைசியாக ஒரு குறிப்பு. அந்த நூல் தம் கைக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி.

கோப்பைத் திறந்தால் திரை முழுக்கத் தொப்பி போட்ட, வால் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். பழைய டிஸ்கி குறியாக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போயிற்று. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்: யூனிகோடு நம் கணினிகளில் பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல குறியாக்கங்கள் இருந்தன. அவற்றுள் டிஸ்கி இணையத்தில் பழகியவர்கள் கூடிப் பேசி உருவாக்கியது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் ஒரு காலத்தில் டிஸ்கியில்தான் வந்தன. டிஸ்கியில் 'க்' என்பதற்கு ஒரு பைட்டு, 'கு' என்பதற்கு ஒரு பைட்டு. 'கொ' என்பதற்கு மூன்று: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். நாம் கையால் எழுதும் வரிசையிலேயே.

ஐயாவின் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே அளவு இடம். நூற்பெயருக்கு 30 பைட்டு, குறிப்புக்கு 60 பைட்டு என்று பகுத்து வைத்திருந்தார். அந்தக் காலத்துக்கு அது சிக்கனமான, நல்ல அமைப்பு. 'திருக்குறள்' என்ற சொல் டிஸ்கியில் ஏழு பைட்டில் அடங்கிவிடும். முப்பது தாராளம்.

நான் என்ன செய்தேன்? பதிவுகளின் இடம் மாறக்கூடாது என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். எத்தனையாவது பதிவு வேண்டுமோ அந்த எண்ணைப் பதிவின் அளவால் பெருக்கினால் எஃப்சீக் நேராக அங்கே போய் நிற்குமே! அந்த வசதியை விட மனம் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு பதிவாகப் படித்து, யூனிகோடுக்கு மாற்றி, விரலைப் பின்னால் நகர்த்தி, அதே இடத்தில், அதே 30 பைட்டிலும் 60 பைட்டிலும் எழுதிவிட்டேன். அதுவும் படியெடுக்காமல், விரலியில் இருந்த அதே கோப்பில். நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஒரு நொடியில் முடிந்தது.

முடிந்த பிறகு பட்டியலில் இருந்தது 'திருக்குறள' . புள்ளி இல்லை. கீழே 'சிலப்பதிகா' . யூனிகோடை இன்று பெரும்பாலான கோப்புகளில் சேமிக்கும் முறை யூடிஎஃப்-8. அதில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. 'திருக்குறள்' ஆறு எழுத்து. ஆனால் குறிகள் பதினொன்று, பைட்டுகள் 33. முப்பதில் வெட்டினால் சரியாகக் கடைசிப் புள்ளி போகும். கணினியின் பார்வையில் அதில் குறையே கிடையாது. 'திருக்குறள' என்பதும் முறையான பத்துக் குறிகள்தான். தமிழ் படித்த கண் ஒன்று பார்த்தால் மட்டுமே அது தவறு.

நூற்பெயர்களைச் சரிசெய்துவிடலாம், நூல்கள்தான் அலமாரியில் இருக்கின்றனவே. குறிப்புகளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. '1974 தேக்கா பழைய சந்தையி' என்று ஒன்று நின்றது. அதன் பின்னால் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. 'அக்கா திருமணத்தன்று ந' என்று இன்னொன்று. அதன் பின்னாலும் அதே கேள்விக்குறி. தமிழ் வாக்கியம் தன் சேதியைக் கடைசியில்தான் சொல்கிறது. வாங்கினாரா, யாரும் கொடுத்தார்களா, கொடுத்தவர் யார், திருப்பிக் கேட்டார்களா, எல்லாம் வினைமுற்றிலும் அதற்கு முன்னால் வரும் பெயரிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பின் வாலை வெட்டினால் ஊரோ தேதியோ போகலாம். தமிழில் வாலை வெட்டினால் ஆளே போய்விடுகிறார்.

ஐயா பழைய கணினியை எப்போதோ தூக்கிப் போட்டிருந்தார். வேறு படி இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஜொகூரிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் ஏறினேன். புக்கிட் தீமா சாலையில் இறங்கித் தேக்கா உணவங்காடி நிலையத்துக்குப் போவதற்குள் மன்னிப்பு வாசகத்தை நாலு தடவை மாற்றியிருப்பேன். ஐயா எனக்கு முன்னால் வந்து ஒரு 'தே ஹாலியா'வோடு உட்கார்ந்திருந்தார். அச்செடுத்த பட்டியலை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கிட்டத்தில் பிடித்து மூன்று பக்கம் பேசாமல் பார்த்தார்.

"தம்பி, இதுல யாரு பேரும் முழுசா இல்லையே."

"என் தப்புதாங்க ஐயா. இடம் பத்தல. அளவு பாக்காம வெட்டிட்டேன்."

"அந்தக் காலத்துல நான் ஒரு எழுத்து கூடிட்டா வேற சொல்லு தேடிப் போடுவேன். அறுபதுக்குள்ள அடக்கணும்னு. இப்ப அதுக்கும் பத்தலையா?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். 'ந' என்று நின்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். 'நண்பர்' என்று தொடங்கியிருக்கலாம், ஆனால் எந்த நண்பர்? அந்தத் திருமணத்துக்கு வந்தவர்களில் இருவர் இப்போது இல்லை என்றார். "புத்தகத்தக் கையில குடு, பாத்தா ஞாபகம் வரும்," என்று சொல்லிவிட்டு எனக்கும் ஒரு தேநீர் வாங்கப் போனார்.

நான் செய்த தவறுக்குக் கவனக்குறைவு முதற்காரணம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பொதுவான சிக்கல் இருக்கிறது. இதைப் பேரவையில் சொன்னபோது நான்காம் ஆண்டு அக்கா ஒருவர் உடனே, "எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம் குடுத்திருந்தா உன் கணக்கு தப்பியிருக்காதுல்ல? அதான் டேஸ் வேணும்னு அப்பவே கேட்டாங்க," என்றார். இந்தக் கருத்து நம்மில் பலரிடம் இருக்கிறது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

யூனிகோடின் முதற்பதிப்பு 1991இல் வந்தது. இந்தியாவின் இஸ்கி அமைப்பை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். அதில் உயிரெழுத்துகளும் ஆய்தமும் உண்டு. மெய்க்கு இடமில்லை, அகரம் ஏறிய க, ங, ச தான் உண்டு. அவற்றோடு உயிர்க்குறிகளும் புள்ளியும். ஆக, 'க்' வேண்டுமென்றால் 'க' வை எழுதிப் புள்ளி வைக்க வேண்டும். நம் இலக்கணம் சொல்வதோ நேர் எதிர்: மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய். இந்த வருத்தத்திலிருந்து பிறந்ததுதான் டேஸ்-16. மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடம். ஒவ்வொன்றும் 16 பிட்டு, அதாவது இரண்டு பைட்டு. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்-16 முறையையும் தரமாக ஏற்று அறிவித்தது. அந்த முறையில் ஐம்பதாவது எழுத்து வேண்டுமென்றால் 98ஆம் பைட்டுக்குப் போனால் போதும். எஃப்சீக் ஒரே தாவலில் சரியாக எழுத்தின் தலையில் போய் நிற்கும். என் ஆசிரியை எண்ணிய எண்ணிக்கையும் கணினி எண்ணும் எண்ணிக்கையும் ஒன்றாகிவிடும். ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் நான் அக்காவோடு உடன்படவில்லை. காரணத்தை லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துப் பெயர்ப்பலகையிலேயே பார்க்கலாம். ஆங்கிலப் பெயரை யூடிஎஃப்-8இல் சேமித்தால் இடைவெளியோடு 12 பைட்டு. சீனத்தில் மூன்றே எழுத்து, 9 பைட்டு. 'லிட்டில் இந்தியா' என்று தமிழில் எழுதினால் எட்டு எழுத்து, 46 பைட்டு. மூன்றும் ஒரே கோப்பில், ஒரே வரியில் இருக்கும் ஊர் இது. நம் பேரவையின் உறுப்பினர் பட்டியலில்கூடத் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. இன்று கோப்புகள் பெரும்பாலும் யூடிஎஃப்-8இல்தான் இருக்கின்றன. அதில் டேஸ் எழுத்தும் மூன்று பைட்டுதான், ஆங்கில எழுத்து ஒரு பைட்டுதான். இரண்டும் கலந்த வரியில் பெருக்கல் வாய்ப்பாடு மறுபடியும் பொய்த்துப் போகும். எல்லாவற்றையும் 16 பிட்டில் வைப்போம் என்றாலோ, தமிழே இடம் கொடுக்காது. முந்திரி, காணி, மா என்று நம் முன்னோர் கணக்கெழுதிய பின்னக் குறிகள் 2019இல் வெளிவந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில் இடம்பெற்றன. அவை அந்த 16 பிட்டு எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஒரு சோழர் காலக் கணக்கைத் தட்டச்சு செய்து பாருங்கள்; சம அளவு என்ற கனவு முதல் வரியிலேயே கலைந்துவிடும். அதோடு, டேஸ் எழுத்துகள் யூனிகோடில் தனியார் பயன்பாட்டுக்கென விட்டுவைத்த இடத்தில் இருக்கின்றன. அதற்குரிய எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டங்களே தெரியும். ஐயாவின் குறிப்புகளை இன்னொரு முறை யாரும் படிக்க முடியாத குறியாக்கத்தில் அடைக்க எனக்குத் துணிவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'எழுத்து' என்று நாம் எண்ணுவது எதை? கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. இங்கே ஒற்றுகளை எண்ணுவதில்லை. அந்தக் கணக்கில் 'சிங்கப்பூர்' மூன்றே எழுத்து: சி, க, பூ. என் ஆசிரியைக்கு ஆறு. யூனிகோடுக்குப் பதினொன்று. கோப்புக்கு 33. பைத்தான் மொழியிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டால் மூன்று என்கிறது. புலவர்களே இரண்டு விதமாக எண்ணிய மொழியில், ஒரே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் தாவிவிடலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கேட்க வேண்டியது வேறு அளவுகோல் அன்று. தாவும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கு வழி எங்கேயோ இருக்கிறது என்று தேடியபோது, சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரத்திலேயே அது எழுதியிருப்பதைக் கண்டேன். உரைக் கோப்பு ஒன்றில் எஃப்சீக்குக்குக் கொடுக்கும் எண் சுழியமாக இருக்கலாம். இல்லையென்றால், அதே கோப்பில் முன்பு எஃப்டெல் சொன்ன எண்ணாக இருக்க வேண்டும். பைத்தானும் உரைக் கோப்புகளுக்கு ஏறக்குறைய இதையே சொல்கிறது. நாமாகக் கூட்டிப் பெருக்கிக் கண்டுபிடித்த எண்ணைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுருங்கச் சொன்னால், ஏற்கெனவே போய் நின்று குறித்துவைத்த இடத்துக்குத்தான் திரும்பிப் போகலாம். அப்பாவின் நாடா உறைத்தாளில் இருந்த 037, 112, 190! ஆய்வுக்கூடத்தில் இந்த விதியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 26 ஆங்கில எழுத்துகள் உள்ள கோப்பில் இந்த விதியை மீறினாலும் ஒன்றும் ஆகாது என்பதால் சொல்லத் தோன்றியிருக்காது.

நம் பதிப்பாசிரியர்களுக்கு இது புதிதன்று. சங்க நூல்களின் பதிப்புகளில் பின்னால் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். எந்தப் பாட்டும் எந்தப் பாட்டின் நீளத்தையும் ஒத்திருப்பதில்லை. யாரும் பக்கத்தைப் பெருக்கிக் கண்டுபிடிப்பதில்லை. பாட்டின் முதற்சொல்லும் அது இருக்கும் இடமும் அகரவரிசையில் இருக்கும், அதைப் பார்த்துத் திருப்புகிறோம். கணினிக்கும் அதையே செய்யலாம். கோப்பை ஒருமுறை முழுதும் படித்து, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் எஃப்டெல்லைக் கேட்டு, அந்த எண்களைத் தனியாக ஒரு சிறு கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். பிறகு எந்தப் பதிவுக்கும் ஒரே தாவல். நீளம் எப்படி இருந்தால் என்ன? ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மூலக் கோப்பில் நடுவில் ஒன்றைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும்; மறுபடியும் குறிக்க வேண்டும். அப்பா நாடாவை முழுதும் பின்சுற்றி எண்காட்டியைச் சுழியமாக்காமல் தொடங்கினால் அவர் குறித்த எண்களும் அப்படித்தான் கைவிட்டன.

சரி, குறித்து வைக்காத ஓர் இடத்தில் தவறி விழுந்துவிட்டால்? இங்கேதான் யூடிஎஃப்-8 எனக்குப் பிடித்துப்போயிற்று. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட இரவு, மேசையில் விரித்திருந்த காகிதத்தில் தாம்சன் வரைந்து காட்டிய அமைப்பு அது. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு என்றேன் அல்லவா? முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128க்கும் 191க்கும் இடையில். ஆகவே விழுந்த இடத்தில் உள்ள எண் 128இலிருந்து 191 வரை இருந்தால், குறியின் நடுவில் இருக்கிறோம் என்று பொருள். ஒரு பைட்டு பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அதிகம் போனால் இரண்டு அடி. குறியின் தலை கிடைத்துவிடும். அது புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருந்தால் இன்னும் ஒரு குறி பின்னால் போக வேண்டும். அங்கே எழுத்தின் தலை. 'சிங்கப்பூர்' என்ற சொல்லில் எழுத்துகள் 0, 6, 12, 15, 21, 27 ஆகிய பைட்டுகளில் தொடங்குகின்றன. இதை எந்த வாய்ப்பாடும் சொல்லாது. ஆனால் இடையில் எங்கே விழுந்தாலும் பின்னால் நடந்து அந்த ஆறில் ஒன்றை எட்டிவிடலாம். பத்து வரி நிரல். 60ஆம் பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியதற்குப் பதிலாக இதைச் செய்திருந்தாலும் குறிப்பின் வால் போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அரைகுறை எழுத்தாவது நின்றிருக்காது. இடம் போதவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் என் சினத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழைக் கணினியில் ஏற்றிய கதையில் இந்த ஊருக்கு உள்ள பங்கு சிறியதன்று. சிறுகதை ஆசிரியரும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' மென்பொருளை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று நம் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழ் ஏறியது அவர் உழைப்பால். தமிழ்க் கணிமைக்கான மாநாடு 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நடந்தது. 2000இல் மீண்டும் இங்கே கூடியபோது உத்தமம் அமைப்பு பிறந்தது. கோவிந்தசாமி அதைப் பார்க்காமல் 1999இலேயே மறைந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில்தான் ஐயா போன்றவர்கள் தட்டச்சு பழகினார்கள். அவர்கள் ஒவ்வொரு பைட்டுக்கும் சண்டை போட்டவர்கள். நாமோ எல்லாம் தயாராகக் கிடைத்த பிறகு வந்தவர்கள். கைபேசியில் தமிழ் தெரிகிறது, போதும் என்று இருந்துவிட்டோம். கணினித் துறையில் படிக்கும் தமிழ் மாணவர்கள் நம் பேரவையில் எத்தனை பேர்! நம்மில் எத்தனை பேர் தம் பயிற்சி நிரலில் ஒருமுறையாவது தமிழ்க் கோப்பைக் கொடுத்துப் பார்த்திருக்கிறோம்? நான் பார்க்கவில்லை. 'அ முதல் ஃ வரை' உள்ள ஒரு கோப்பை அன்று அந்த ஆய்வுக்கூடத்திலேயே கொடுத்திருந்தால் பத்தாம் இடத்தில் வரும் குப்பையைப் பார்த்து அங்கேயே பாடம் கற்றிருப்பேன். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டுச் செயற்குழுவினர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நம் விழாச் சான்றிதழ்களில் பெயர் அச்சிடும் பட்டியலை யாராவது ஒருவர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். கடைசிப் புள்ளி இருக்கிறதா என்று.

ஐயாவின் பட்டியல் இப்போது புதிய வடிவில் இருக்கிறது. ஒரு நூலுக்கு ஒரு வரி, வரியின் நீளத்துக்கு வரம்பில்லை. பக்கத்தில் எண்களை மட்டும் கொண்ட ஒரு கோப்பு. மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு பை நிறைய நூல்களைத் தூக்கிக்கொண்டு தேக்காவுக்குப் போகிறேன். ஐயா ஒவ்வொன்றாக வாங்கி, முன்பக்கத்தைத் திறந்து, மோந்து பார்த்து, சொல்லத் தொடங்குவார். நான் மடிக்கணினியில் எழுதிக்கொள்வேன். இப்போது இடம் தாராளமாக இருப்பதால் குறிப்புகள் பழையதைவிட நீண்டுவிட்டன. ஒரு நூலுக்கு ஒன்றரைப் பக்கம்கூடப் போயிருக்கிறது. சில நூல்களுக்குள் பழைய பேருந்துச் சீட்டு, படித்து நிறுத்திய பக்கத்திலேயே இருக்கிறது. அதை எடுக்க விடமாட்டார்.

'ந' என்று நின்ற அந்த ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நூலைக் கையில் கொடுத்தும் பார்த்தேன். யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போன வாரம் ஐயா தம் அக்காவின் திருமண ஆல்பத்தை எடுத்துவரச் சொல்லி மகளிடம் கேட்டிருப்பதாகச் சொன்னார்.